வெள்ளைக்காரர்களுக்கு நான் வைத்த பெரட்டு

போன கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பேரைக் கூப்பிடுவேன். ‘இருக்கேன் அப்பா’ன்னு ஒரே மூச்சுல சொல்லணும்" என்றேன். சொன்னான். மூச்சு அறுந்து போகாமல் சொன்னான். எனக்கு நிம்மதி. ஆனால் பெரியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்லாரு வீட்டுலயும் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாங்க. எங்க அப்பா மட்டும் பேரு கூப்பிடுறாரு" என்றாள்.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று வாயால் சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் ஆறு வருஷம் கங்காணியாக இருந்தவன். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று பிரித்து அனுப்புவோம். அதுதான் பெரட்டு. நேரத்துக்கு வந்தால் முழுப்பேர். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவோம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் பேரை வெட்ட மாட்டோம். நேராக ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதிவிட்டு, மறுநாளும் அந்தப் பேரைக் கூப்பிடுவோம்.

பெரட்டில் கங்காணி பேரை மட்டும் பார்ப்பதில்லை. மூச்சையும் பார்க்கவேண்டும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு நாள் காய்ச்சலோடு வந்த ஒரு அக்கா, கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு "இருக்கேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து "கங்காணி" என்றார். நடுவில் மூச்சு வாங்கியது என் காதில் விழுந்தது. ஆனாலும் மேல்மலைக்கு அனுப்பிவிட்டேன். பத்து மணிக்கு நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் ரொம்ப நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. அதற்குப் பிறகு "இருக்கேன் கங்காணி" என்பதை ஒரே மூச்சில் சொல்லாத ஆளை நான் மலையேற்றியதில்லை.

பிறகு தோட்டத்தை விட்டு ஒரு பயிற்சி விடுதியில் சிற்றூழியர் வேலைக்குச் சேர்ந்தேன். ஹாலிஎல தாண்டிப் பண்டாரவளைக்கு ஏறும் பாதையில், ஒரு மேட்டின் மேல் இருந்தது அந்த விடுதி. மேல்மாடியில் பத்து அறை, வரிசையாக, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே விறாந்தை. முதல் தடவை பார்த்தபோதே "தோட்டத்து லய வீடுகளைத் தூக்கி மாடியில வச்ச மாதிரி இருக்கே" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

கொரோனா வந்ததும் பயிற்சி எல்லாம் நின்றது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு நோய் பிடித்தால் தனியாக வைத்துப் பார்க்க அந்த மேல்மாடியை எடுத்தார்கள். "வேலையாட்கள்ல யாரு தங்குறீங்க?" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அம்மா, "கையை எதுக்குத் தூக்குனீங்க? அரிச்சுதா?" என்று கேட்டாள். அப்புறம் அவளே என் கம்பளியையும் ஒரு பை கித்துல் கருப்பட்டியையும் கட்டிக் கொடுத்தாள்.

ஒன்பது அறையில் பத்துப் பேர் வந்தார்கள். பேர்கள் எல்லாம் என் வாயில் நுழையவில்லை. அறை நம்பரைத்தான் பேராக வைத்துக்கொண்டேன். நாலாம் நம்பரில் நீளமுடிக்காரத் தம்பி ஒருத்தர். அவருக்கு உலகத்தில் இரண்டே கவலை. ஒன்று, காலையில் எழும்புவது. மற்றது, பண்டாரவளையிலிருந்து வரும் சாப்பாட்டில் தினமும் இருக்கும் லீக்ஸ். வெலிமடையில் விளைகிற லீக்ஸ் எல்லாம் தன் தட்டுக்குத்தான் வருகிறது என்று நம்பினார். ஏழாம் நம்பரில் புருஷனும் பெண்சாதியும். பெரியவர் முன்பு கப்பலில் இஞ்சின் பார்த்தவராம். ஆள் ஒரு கதவு அளவு. குரல் அதைவிடப் பெரிது. அந்த அம்மா மெலிந்தவர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கைகளை எப்போதும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பார்.

பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர். நானும் ஒரு டொக்டரும். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயதில் என் கடைசித் தங்கச்சியைவிடச் சின்னவர். ஆனால் சத்தம் போட்டால் நான் எழுந்து நிற்பேன். அவர் கொடுத்த வேலை ஒன்றுதான். அறைக்கு ஒன்றாக, விரலில் மாட்டி ஒக்சிஜன் அளக்கிற சின்ன மெஷின் கொடுத்திருந்தார்கள். அதில் வருகிற நம்பரை எல்லாரிடமும் கேட்டு எழுதி, காலை ஏழு மணிக்குள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லவேண்டும்.

"தொண்ணூற்று நாலுக்குக் கீழ போனா உடன எனக்குச் சொல்லவேணும் அண்ணை" என்றார் டொக்டர். "இந்த நோயில ஆள் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருப்பார், உள்ளுக்க ஒக்சிஜன் இறங்கிக்கொண்டு போகும். நம்பரை விட்டமெண்டால் ஆளை விட்டம்."

அந்தக் கடைசி வார்த்தையை, நம்பர் எழுத வைத்திருந்த கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர்கள் எழும்பினால்தானே? பத்து மணிக்கும் போர்வைக்குள் இருந்தார்கள். கதவு கதவாகப் போய்த் தட்டலாம் என்றால், மேலே ஏற அந்த வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பு போடவேண்டும். நாளுக்கு இரண்டு உடுப்புத்தான் வரும். ஒன்று டொக்டருக்கு, மற்றது மத்தியானம் நான் சாப்பாடு கொண்டு போக. முதல் நாள் பதுளைக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது, ஏழாம் நம்பர் பெரியவருடையது. அவர் மட்டும் கப்பல் பழக்கத்தில் விடிய எழும்பியிருந்தார்.

இரண்டாம் நாள் யோசித்தேன். இது லயம். இவர்கள் ஆட்கள். நான் கங்காணி. பிறகென்ன?

ஆறு மணிக்கு முற்றத்தில் நின்று, அலுமினியத் தட்டு ஒன்றைக் கரண்டியால் போட்டு அடித்தேன். தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படிப்பது போல, அதே தாளம். "பெரட்டூ! பெரட்டூ!" என்று குரலும் கொடுத்தேன்.

பிள்ளைகளே, தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்டால் ‘விடிஞ்சிருச்சு’ என்று புரியும். அவர்களுக்கு என்ன புரிந்தது தெரியுமா? கட்டிடம் தீப்பிடித்துவிட்டது என்று. பத்துப் பேரும் படியில் உருண்டு புரண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தர் கம்பளியோடு. ஒருத்தி பாஸ்போட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு. நீளமுடித் தம்பி ஒற்றைச் செருப்போடு, கையில் கித்தாரோடு. ஏழாம் நம்பர் பெரியவர் பெண்சாதியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் நெருப்பு எங்கே என்று கூரையைப் பார்க்கிறார்கள். நான் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு, தட்டோடு வேலி வரைக்கும் பின்னால் போனேன்.

டொக்டர் ஓடி வந்தார். "அண்ணை! என்ன இது? நோயாளிகளை எல்லாம் முற்றத்தில இறக்கி வச்சிருக்கிறியள்!"

"பெரட்டுங்க, டொக்டர்."

"பெரட்டோ? அது என்ன?"

"தட்டுத் தட்டுனா எல்லாரும் வந்து வரிசையா நிக்கணுங்க. பேரு கூப்பிடுறதுக்கு."

"வந்து நிக்கினம்தானே! அவையளோட சேர்ந்து நோயும் இறங்கி வந்து நிக்குது. ஏத்துங்கோ எல்லாரையும் மேல!"

அன்றைக்கு எனக்கு நல்ல திட்டு. ஆனால் திட்டி முடித்த பிறகு டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "எண்டாலும் அண்ணை, பத்துப் பேரும் ஆறு மணிக்கு முழிச்சிட்டினம்" என்றார். பிறகு அவரே எல்லாருக்கும் இங்கிலீசில் விளக்கினார்.

மூன்றாம் நாளிலிருந்து ஒழுங்கான பெரட்டு. நான் கீழே முற்றத்தில். அவர்கள் மேலே ஜன்னலில். தட்டுச் சத்தம் கேட்டதும் மெஷினை விரலில் மாட்டவேண்டும். வருகிற நம்பரைக் காட்போட் அட்டையில் பெரிதாக எழுதி ஜன்னலில் காட்டவேண்டும். நான் "நம்பர் ஒன்!" என்று கூப்பிட்டால், "இருக்கேன் கங்காணி!" என்று பதில் வரவேண்டும். ஒரே மூச்சில். அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நேரத்துக்கு ஜன்னலுக்கு வந்தவருக்கு முழுப்பேர். பிளேன்டீயோடு ஒரு முழுத் துண்டு கருப்பட்டி. பிந்தி வந்தவருக்கு அரைப்பேர், அரைத் துண்டுதான். கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மடக்கு என்று குடிக்கிற விதத்தை ஜன்னலுக்குக் கீழே நின்று குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்த அரைத் துண்டுக்காக நடந்த சண்டையைப் பார்க்கவேண்டும். நாலாம் நம்பர் தம்பி தினமும் பிந்துவார். தினமும் வழக்காடுவார்.

"அரைப்பேரு!" என்பேன்.

"நோ, கங்காணி! ஃபுல்! ஃபுல்!" என்று முடியை ஒதுக்கிக்கொண்டு கத்துவார். மற்ற ஜன்னல்களிலிருந்து எல்லாரும் "அரைப்பேரூ!" என்று அவரைக் கேலி செய்வார்கள். அவருடைய குரலில் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சந்தோசமாக எழுதிக்கொள்வேன்.

எல்லாரையும்விடச் சத்தம் ஏழாம் நம்பர் பெரியவர்தான். அவர் "இருக்கேன் கங்காணி!" என்றால் கீழே பாதையில் போகிற பஸ்காரர் பிரேக் போடுவார். அவருடைய அட்டையில் தினமும் தொண்ணூற்றேழு. அவருக்குப் பின்னால் அந்த அம்மா வந்து மெல்லிய குரலில் சொல்வார். அட்டையில் ஒரு நாள் தொண்ணூற்றைந்து, ஒரு நாள் தொண்ணூற்றாறு. எனக்கு அந்த அம்மாவைப் பற்றித்தான் பயம் இருந்தது.

ஆறாவது பெரட்டு. "நம்பர் செவன்!" என்று கூப்பிட்டேன். அட்டை வந்தது. தொண்ணூற்றேழு. பெரியவர் சிரித்தார், கையை ஆட்டினார்.

"இருக்கேன்," என்றார்.

கொஞ்சம் பொறுத்து, "கங்காணி."

என் பென்சில் நின்றுவிட்டது. கம்பளியை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்ற அந்த அக்காவின் குரல் அப்படியே கேட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அதே இடத்தில் மூச்சு அறுந்தது.

டொக்டரிடம் ஓடினேன். "ஏழாம் நம்பர் ஐயா சரியில்லைங்க டொக்டர்."

டொக்டர் என் கொப்பியைப் பார்த்தார். "தொண்ணூற்றேழு எண்டு எழுதியிருக்கிறியள். முந்தாநாள் நான் போய்ப் பார்க்கேக்கையும் ஆள் நல்லாத்தானே இருந்தவர். மெஷின் பொய் சொல்லுமோ?"

"மெஷின் சொல்லாதுங்க. எழுதுற கை சொல்லலாம். தினமும் ஒரே நம்பருங்க. அந்தம்மாவுக்குக் கூட மாறுது, அவருக்கு மாறவே இல்லை."

டொக்டர் கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், டொக்டருக்கு மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை.

"இப்ப ஏறினால் என்ர உடுப்பு காலமையே முடிஞ்சிடும்" என்றார் டொக்டர். "அப்ப உங்கட உடுப்பை மத்தியானம் நான் எடுக்கவேண்டி வரும். நீங்கள் சாப்பாட்டைக் கயிறு கட்டித்தான் ஏத்தோணும்."

"ஏத்துறேங்க."

"பத்துப் பேருக்கும்."

"பத்துப் பேருக்கும் ஏத்துறேங்க. நீங்க போங்க டொக்டர்."

போனார். நான் முற்றத்தில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டொக்டர் விறாந்தைக்கு வந்து, கையுறை போட்ட கைகளை எனக்குத் தூக்கிக் காட்டினார். முதலில் எட்டு விரல். அப்புறம் ஆறு விரல்.

எண்பத்தாறு.

அம்புலன்ஸ் வருவதற்குள் விஷயம் எல்லாம் வெளியே வந்தது. நம்பர் இறங்கி இரண்டு நாளாகிவிட்டதாம். அந்த அம்மா எழும்புவதற்கு முன்பே அவர் அளந்து பார்த்துவிட்டு, அட்டையில் பழைய தொண்ணூற்றேழையே திரும்பக் காட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை டொக்டர் எனக்குச் சொன்னார். "இவவுக்குத் தண்ணிப் போத்தல் மூடி திறக்க ஏலாது. சட்டைப் பொத்தான் போட ஏலாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆர் செய்யிறது எண்டு கேக்கிறார் அண்ணை."

ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது அவர் முகத்தில் ஒக்சிஜன் மூடி போட்டிருந்தார்கள். பேச முடியவில்லை. தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மேல் ஜன்னலைக் காட்டி, காற்றிலே போத்தல் மூடியைத் திருகுகிற மாதிரிக் கையைத் திருகினார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மொழி எதுவும் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டைக் கயிறு கட்டி ஏற்றத் தயாரானேன். டொக்டர் தன்னிடம் அவசரத்துக்கு வைத்திருந்த ஒரு உடுப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஏழாம் நம்பருக்குக் கொண்டு போன தண்ணிப் போத்தல்கள் எல்லாவற்றையும் மூடியை ஒரு தடவை திறந்து, இலேசாகத் திரும்ப மூடி வைத்தேன். பொத்தானுக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் நாலாம் நம்பர் தம்பி டொக்டரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். எல்லாருக்கும் ஒரே நோய்தானே. தினமும் விடிய ஐந்தரைக்கு எழும்பி, ஏழாம் நம்பருக்குப் போய் அந்த அம்மாவுக்குத் தேவையானதைச் செய்துகொடுத்தார். அந்த ஆளை எழுப்ப நான் எத்தனை தட்டு அடித்திருக்கிறேன்! அன்றிலிருந்து அவருக்குத் தினமும் முழுப்பேர்தான்.

மறுநாள் பெரட்டில் ஆறாம் நம்பர் வரைக்கும் கூப்பிட்டேன். ஏழாம் நம்பர் ஜன்னலில் அந்த அம்மா தனியாக நின்றார். கையில் இரண்டு அட்டை. ஒன்றில் அவருடைய நம்பர். மற்றதில் ஒன்றும் இல்லை. தன் புருஷனின் பேரை நான் கூப்பிடுவேனா மாட்டேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் செவன் ஐயா!" என்று எப்போதையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

டொக்டர் அவருக்கு விளக்கினார். தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் பேரை வெட்டுவதில்லை என்று. அந்த அம்மா உடனே உள்ளே போய் போனை எடுத்துவந்தார். பதுளை ஆஸ்பத்திரி வார்டுக்கு டொக்டர் பேசிக்கொடுத்தார். அங்கே ஒரு நர்ஸ் பெரியவரின் போனை அவர் தலைமாட்டில் பிடித்தார். இங்கே அந்த அம்மா போனின் சத்தத்தைக் கூட்டி ஜன்னலில் வைத்தார். நான் திரும்பவும் கூப்பிட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு, டக் டக்.

கட்டில் கம்பியில் விரலால் தட்டுகிறாராம். முகத்தில் மூடி இருப்பதால் பேச முடியாது. நான் தட்டில் திரும்ப டக் டக் என்று அடித்தேன். கொப்பியில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதினேன்.

இரண்டாம் நாளும் டக் டக். மூன்றாம் நாள் ஒரே ஒரு டக். அந்த அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அப்புறம் நர்ஸின் சிரிப்புக் கேட்டது. ஒன்று தட்டிவிட்டு ஆள் தூங்கிப்போய்விட்டாராம். "பெரட்டுல தூங்குறதுக்கு என்னங்க பேரு?" என்று டொக்டரிடம் கேட்டேன். "அதுக்குக் கால்பேர் போடுங்கோ" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவரும் எங்கள் பெரட்டில் சேர்ந்துவிட்டார் என்று.

ஐந்தாம் நாள் "இருக்கேன்" என்று மட்டும் வந்தது. காற்று போன பந்து மாதிரி. ஆறாம் நாள் "இருக்கேன்," மூச்சு, "கங்காணி." நான் சந்தோசப்படவில்லை. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. பதுளையில் நம்பர் ஏறிவிட்டது என்று டொக்டர் சொன்னார். "ஏறட்டுங்க. நான் கேக்குறது வேற" என்றேன்.

எட்டாம் நாள் காலை நல்ல பனி. ஜன்னல்களே மங்கலாகத்தான் தெரிந்தன. "நம்பர் செவன் ஐயா!" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன் கங்காணி!"

போன் கரகரவென்று அலறியது. ஒரே மூச்சு. நடுவில் ஒரு நூல்கூட அறவில்லை.

"இன்னொரு தடவை!" என்றேன். நம்பாமல் இல்லை, கேட்க ஆசையாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னார், முன்னதைவிடப் பெரிதாக. பின்னாலேயே அந்த நர்ஸ் "ஷ்ஷ்!" என்று அதட்டுவதும் கேட்டது. மேலே எல்லா ஜன்னலிலும் தட்டு, கோப்பை, கரண்டி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் அடித்தார்கள். அந்த அம்மா வீங்கிய விரல்களோடு கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பாதி இளைத்திருந்தார். ஆனாலும் ஒரு கதவில் பாதி இருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட ஒரு சின்ன மெஷினை எடுத்து விரலில் மாட்டி, அட்டையில் எழுதாமல், விரலையே என் பக்கம் நீட்டினார். தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. இந்தத் தடவை உண்மையான நம்பர்.

நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அவருக்கென்று தட்டில் வைத்திருந்த கருப்பட்டியை மதிலில் வைத்துத் தள்ளினேன். அரைத் துண்டு.

"பத்து நாள் லேட்டு. அரைப்பேரு."

மேலே ஜன்னல் படார் என்று திறந்தது. "நோ, கங்காணி! ஃபுல்! ஃபுல்!" என்று நீளமுடித் தம்பி கத்தினார். பெரியவருக்கு எவ்வளவு புரிந்ததோ, அவரும் "ஃபுல்!" என்றார். ஒரே மூச்சில்.

டொக்டர் வாசலுக்கு வந்தார். "குடுங்கோ அண்ணை மற்றப் பாதியையும். ஆஸ்பத்திரிக்குப் போனவரின்ர பேரை வெட்டக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நான் போட்ட சட்டத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார்கள். என்ன செய்வது, கொடுத்தேன்.